பையன் தேறுவானா?

அக்கா போன் பண்ணினால் முதல் கேள்வி "சாப்பிட்டியா?" என்றுதான் இருக்கும். அன்றைக்கு அதுகூட இல்லை.

"தம்பி, பையன் தேறுவானா, மாட்டானா? ஒரே வார்த்தையில சொல்லு."

பரீட்சை என்று நினைத்துவிடாதீர்கள். அதெல்லாம் பையன் நன்றாகவே எழுதுகிறான். இது ஹாக்கி சமாசாரம். அதிலும் தன்ராஜ் பிள்ளை ஆடிய ஹாக்கி இல்லை, ஐஸ் ஹாக்கி. காலில் கத்தியைக் கட்டிக்கொண்டு, கையில் மட்டையோடு, 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனிக்கட்டி மேல் வழுக்கிக்கொண்டே ஆடுவார்களே, அது. பந்து கிடையாது. 'பக்' என்று ஒரு கறுப்பு ரப்பர் வில்லை. துள்ளக்கூடாது என்பதற்காக அதையும் ஃப்ரீஸரில் வைத்து எடுத்து வருவார்கள். கேலரியில் உட்கார்ந்திருக்கும் நாங்களும் ஏறக்குறைய அதே நிலைமையில்தான் இருப்போம்.

தென்பாண்டிச் சீமைப் பையனுக்கும் பனிக்கட்டிக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் என் அத்தான் செய்த வேலை. அவர் கோவில்பட்டிக்காரர். அந்த ஊரில் கடலை மிட்டாய்க்கு அடுத்தபடி ஹாக்கிதான். (கோவில்பட்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், "அடுத்தபடியா? அதுக்கும் முந்தி!" என்று சண்டைக்கு வருவார்கள்.) செம்மண் தரையில் முழங்கால் தேய ஆடியவர் அத்தான். வேலை கிடைத்து மாசாசூசெட்ஸ் வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில், வீட்டுக்குப் பின்னால் இருந்த குளம் உறைந்துபோயிற்று. வாண்டுகள் அதன் மேல் மட்டையோடு ஓடுவதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார்.

"மாப்ளே, இதுவும் ஹாக்கிதானாம்ல!"

அவ்வளவுதான். பையன் பிறந்து 4 வயசில் ஸ்கேட் கட்டிவிட்டான். அதற்கப்புறம் அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியற்காலை 5 மணிப் பயிற்சி, காரில் வியர்வை நாற்றம், அக்காவின் புலம்பல்.

அத்தானுக்கு 1980 என்ற வருஷம் மனப்பாடம். பிப்ரவரியில் லேக் ப்ளாசிட் குளிர்கால ஒலிம்பிக்ஸில், கல்லூரிப் பையன்களைத் திரட்டி அமைத்த அமெரிக்க அணி சோவியத் யூனியனை 4-3 என்று தோற்கடித்தது. அதே வருஷம் ஜூலையில் மாஸ்கோவில், நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை அதே 4-3 கணக்கில் ஜெயித்துத் தங்கம் வாங்கியது. "ஐஸோ செம்மண்ணோ, கணக்கு ஒண்ணுதாம்ல" என்பார்.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். பையன் இரண்டு வருஷம் ஜூனியர் லீக் ஆடிவிட்டு 20 வயசில் கல்லூரி அணியில் சேர்ந்தான். டிஃபென்ஸ் ஆடுகிறான். மூன்றாம் வருஷம், 2024 ஜனவரியில், தொழில்முறைக் குழு ஒன்றின் ஆள் அவனிடம் பேச்சுக் கொடுத்தார். "மார்ச்சில் சீசன் முடிந்ததும் வருகிறாயா?" போய்க் கையெழுத்துப் போட்டால் சம்பளம் உண்டு. ஆனால் கல்லூரி ஹாக்கிக்கு முழுக்கு. டிகிரி பாதியில் நிற்கும்.

அத்தானும் அக்காவும் அதற்குள் வேலை மாற்றலாகி டெக்ஸாஸ் போய்விட்டார்கள். கல்லூரியிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில் இருக்கிற ஒரே சொந்தக்காரன் நான். போதாக்குறைக்கு என் ஆபீஸில் 14 பேருக்கு வருஷாவருஷம் 'அப்ரெய்சல்' எழுதுகிறவன். "மார்க் போடுறதுதானே உன் வேலை. நீயே பார்த்துச் சொல்லு" என்று அக்கா தலையில் கட்டிவிட்டாள்.

கொஞ்சம் கணக்கைப் பாருங்கள். உச்சியில் இருப்பது என்.எச்.எல். 32 குழுக்கள், குழுவுக்கு 23 பேர். ஆக, மொத்தம் 736 நாற்காலிகள். அதற்கு அமெரிக்கா, கனடா, ஸ்வீடன், ஃபின்லாந்து, ரஷ்யா என்று பாதி உலகமே க்யூவில் நிற்கிறது. 60-க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரிகள் முதல் நிலை ஹாக்கி ஆடுகின்றன. அந்தப் பையன்களும் அதே க்யூதான். உச்சிக்குக் கீழே இரண்டாம் தட்டு ஏ.எச்.எல்., அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். நம்மூர் சிவில் சர்வீஸ் பரீட்சை மாதிரிதான். ஐ.ஏ.எஸ். கிடைக்காதவர்கள் எல்லாரும் தோற்றவர்கள் இல்லை. ஆனால் வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள்!

முதல் இரண்டு வெள்ளிக்கிழமை நான் பார்த்த லட்சணத்தைச் சொல்கிறேன். பையன் கோல் போட்டால் கை தட்டினேன். போடாவிட்டால் உச்சுக் கொட்டினேன். வீட்டுக்கு வந்து அக்காவுக்கு ரிப்போர்ட்: "இந்த சீசன்ல இதுவரைக்கும் 9 கோல். டிஃபென்ஸ் ஆடுறவனுக்கு இது ஜாஸ்தி. தேறிடுவான்."

மூன்றாவது வெள்ளிக்கிழமை குளிர் தாங்காமல் மேல் வரிசை மூலையில் ஹீட்டருக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு பெரியவர். மடியில் ஒரு நோட்டு, பக்கத்தில் ஃப்ளாஸ்க். கை தட்டுவதில்லை, கத்துவதில்லை. ஸ்கவுட்! ஸ்கவுட் என்றால் காக்கி டவுசர் சாரணர் இல்லை. குழுக்களுக்காக ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைப் பார்த்து எழுதி அனுப்புகிற ஆசாமி. சுருக்கமாக, பிள்ளை பிடிக்கிறவர்.

நான் பையனின் மாமா என்று தெரிந்ததும் நோட்டை மூடிக்கொண்டார். தொழில் தர்மம். நானாகவே ஆரம்பித்தேன். "இந்த வருஷம் 9 கோல் போட்டிருக்கான்."

"அதுல 6, எதிரணியில ஒரு ஆள் குறைவா இருந்தப்போ போட்டது" என்றார் (அவர் பேசியது இங்கிலீஷ், நான் தமிழில் தருகிறேன்). "சரி, அவனுக்கு வயசு என்ன?"

"22."

"ம்" என்றார். அந்த 'ம்'மில் என் 9 கோலும் கரைந்துபோயிற்று.

கல்லூரி ஹாக்கியில் 18 வயசுப் பிள்ளையும் 24 வயசு ஆம்பிளையும் ஒரே ஐஸில் நிற்பார்கள். 22 வயசுக்காரன் 18 வயசுக்காரனைத் தள்ளிவிட்டுக் கோல் போட்டால், அது திறமையா, உடம்பா? கல்லூரி ஹாக்கியின் மிகப் பெரிய விருது ஹோபி பேக்கர். 2013-இல் அதை வாங்கிய ட்ரூ லெப்ளாங்குக்கு அப்போது 23 வயசு. என்.எச்.எல்.லில் அவர் ஆடியது மொத்தம் 2 ஆட்டம். அப்புறம் ஜெர்மனி போய் அங்கே ஆடினார். 2024-இல் அதே விருதை வாங்கிய மாக்லின் செலப்ரினிக்கு வயசு 17. அந்த ஜூன் மாதமே டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். விருது ஒன்றுதான். வயசுதான் வேறு.

"அப்படின்னா எதைப் பார்க்கணும்?" என்று கேட்டேன்.

"முதல்ல பக்கைப் பார்க்கிறதை நிறுத்துங்க. 10 நிமிஷம் அவனை மட்டும் பாருங்க."

செய்து பாருங்கள், ரொம்பக் கஷ்டம்! கண் தானாக அந்தக் கறுப்பு வில்லை பின்னால் ஓடும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு சமையல்காரரையே பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி. ஆனால் ஒரு ஆட்டக்காரன் கையில் பக் இருப்பது ஒரு ஆட்டத்தில் ஒரிரு நிமிஷம்தான். மீதி நேரமெல்லாம் அவன் என்ன செய்கிறான் என்பதுதான் கேள்வி.

கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் பிடிபட்டது. பக் மூலைக்குப் போகிறது. நம் பையன் எதிரணிக்கு முதுகு காட்டி அதை எடுக்க ஓடுகிறான். முதுகுக்குப் பின்னால் 90 கிலோ ஆசாமி இடிக்க வருகிறான். எடுப்பதற்கு முன்னால் பையன் எத்தனை தடவை தோளைத் திருப்பிப் பார்க்கிறான்? ஒரு தடவை பார்த்தால் சுமார். இரண்டு தடவை பார்த்தால், பக் கைக்கு வரும்முன்பே அதை யாருக்குத் தள்ளுவது என்று தெரிந்துவிட்டது என்று அர்த்தம். நம் பையன் இரண்டு தடவை பார்த்தான். ஒவ்வொரு முறையும்! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்தது கால். எதிராளி வேகமாக வரும்போது டிஃபென்ஸ்காரன் பின்பக்கமாகவே ஸ்கேட் பண்ணிக்கொண்டு போய், சட்டென்று திரும்பி முன்பக்கமாக ஓட வேண்டும். வலது பக்கம் பையன் பம்பரம். இடது பக்கம் திரும்பும்போது அரை அடி லேட். கல்லூரியில் அந்த அரை அடியைத் துரத்திப் பிடித்துவிடலாம். மேலே போனால் அந்த அரை அடிதான் கோல்.

மூன்றாவது, தப்புச் செய்த பிறகு என்ன செய்கிறான் என்பது. ஐஸ் ஹாக்கியில் ஒருவன் முக்கால் நிமிஷம் போல ஆடிவிட்டு பெஞ்சுக்கு வந்துவிடுவான், அடுத்தவன் போவான். ஒரு நாள் பையன் அசட்டுத்தனமாகப் பாஸ் கொடுத்து, எதிரணி கோல் போட்டுவிட்டது. பெரியவர் ஐஸைப் பார்க்கவில்லை, பெஞ்சைப் பார்த்தார். பையன் மட்டையை உடைக்கவில்லை, பக்கத்தில் இருந்தவனைக் குறை சொல்லவில்லை. அடுத்த முறை உள்ளே போனதும் அதே பாஸை, சரியாக, மறுபடியும் கொடுத்தான். பெரியவர் நோட்டில் ஏதோ எழுதினார்.

பிப்ரவரி கடைசியில் பெரியவர் மனசு இளகி நோட்டில் ஒரு பக்கத்தைக் காட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பையனின் முதல் சீசனில் எழுதியது. நாலு குறை: கழுத்து திரும்பவில்லை, அவசரப்பட்டுப் பக்கைக் கைவிடுகிறான், உடம்பு போதாது, இடது பக்கம் லேட். முதல் மூன்றும் தேதியோடு அடிக்கப்பட்டிருந்தன. நாலாவது மட்டும் பாக்கி.

"எல்லாரும் இன்னிக்கு எங்க நிக்கிறான்னு பார்க்கிறாங்க. நான் போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவுல எவ்வளவு நடந்திருக்கான்னு பார்க்கிறேன். கல்லூரியில ஆட்டம் பெரும்பாலும் வெள்ளி, சனி மட்டும்தான். மத்த நாளெல்லாம் பயிற்சி, ஜிம். நடக்கிறவனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது" என்றார்.

"நீங்க சொன்னது தப்பாப் போனதுண்டா?"

சிரித்தார். "அதுக்குன்னு ஒரு தனி நோட்டு இருக்கு."

அது பொய்யில்லை. மார்ட்டின் செயின்ட் லூயி என்று ஒருவர். வெர்மான்ட் யுனிவர்சிட்டியில் பிரமாதமாக ஆடினார். உயரம் 5 அடி 8 அங்குலம் என்று டிராஃப்டில் ஒரு குழுகூட அவரை எடுக்கவில்லை. 2004-இல் அவர்தான் லீகின் சிறந்த ஆட்டக்காரர், அதே வருஷம் ஸ்டான்லி கோப்பையும் ஜெயித்தார். விஸ்கான்சின் கல்லூரியில் ஆடிய ஜோ பவெல்ஸ்கி 2003 டிராஃப்டில் 205-வது ஆள். என்.எச்.எல்.லில் ஆயிரம் புள்ளிகளைத் தாண்டினார். இந்தப் பக்கம் பார்த்தால், அத்தான் கொண்டாடுகிற 1980 அணியில் 20 பேர். அதில் 13 பேர் என்.எச்.எல்.லில் ஆடினார்கள். ஆடாத 7 பேரில் ஒருவர், சோவியத்துக்கு எதிராக வெற்றி கோலைப் போட்ட கேப்டன் மைக் எருசியோனே!

மார்ச் முதல் வாரம் பையனை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். சாம்பார் சாதத்தை மூன்றாவது ரவுண்டு முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"மாமா, அம்மா உங்ககிட்ட கேட்டாங்கல்ல? என்ன சொன்னீங்க?"

மென்று முழுங்கினேன். ஆபீஸில் 14 பேருக்கு இப்படித்தான் 15 வருஷமாக மென்று முழுங்கிக்கொண்டிருக்கிறேன். 'திருப்தி', 'பரவாயில்லை', 'இன்னும் முன்னேற வாய்ப்பு உண்டு'. யாருக்கும் வலிக்காது, யாருக்கும் உதவாது. இவனிடம் அப்படிப் பேச வாய் வரவில்லை. பார்த்ததைச் சொன்னேன். தோளைத் திருப்புவது, அதே பாஸை மறுபடி கொடுத்தது, இடது பக்கத்து அரை அடி.

அவன் முகம் மாறும் என்று பயந்தேன். சிரித்தான்!

"16 வயசுல கணுக்கால் உடைஞ்சதே, அதுலேருந்து மாமா. வாரா வாரம் வீடியோ போட்டுப் பார்க்கிறேன். முன்னாடி ஒரு அடி லேட். இப்போ அரை அடி."

அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என்.எச்.எல்.ல ஆடுவேனான்னு கேட்டா, அநேகமா மாட்டேன். அதுக்குக் கீழ ஒரு அஞ்சு வருஷம் நல்லா ஆடலாம். எனக்கு அது போதும். அப்பாவுக்குப் போதுமான்னுதான் தெரியலை. 4 வயசுலேருந்து விடிகாலைல எழுந்து கூட்டிட்டுப் போயிருக்காரு."

இத்தனை பேர் அவனைப் பற்றிப் பேசினோம். அவனையே ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அன்றிரவு அத்தானுக்குப் போன் போட்டேன். இரண்டு தடவை போனை வைத்துவிட்டு மூன்றாம் தடவைதான் பேசினேன். இரண்டாம் தட்டில் நன்றாக ஆடுவான், முதல் தட்டு சந்தேகம், இன்னொரு வருஷம் கல்லூரியில் இருந்தால் அந்த இடது காலைச் சரி பண்ணலாம், டிகிரியும் கைக்கு வரும் என்று சொல்லி முடித்தேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"மாப்ளே, எனக்கு இருபது வயசுல ஒரு செலக்ஷன். அங்க இருந்த ஒருத்தர் 'நல்லா ஆடுதப்பா, அடுத்த வருஷம் பார்ப்போம்'னாரு. போனேன். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னாரு. அதுக்கும் அடுத்த வருஷமும் போனேன். எது சரியில்லைன்னு கடைசி வரைக்கும் சொல்லலை. நல்ல மனுஷந்தான். ஆனா ஒரு வார்த்தை நேரா சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு வருஷம் மிச்சமாயிருக்கும்லா."

கொஞ்ச நேரம் கழித்து, "இடது காலா?" என்றார். "எனக்கும் அதேதாம்ல!"

பையன் நாலாம் வருஷமும் கல்லூரியில் ஆடினான். 2025 மே மாதம் டிகிரி வாங்கினான். அதற்கு முன்பே இரண்டாம் தட்டில் ஒரு குழு அவனை எடுத்துக்கொண்டது. ராத்திரி முழுக்க பஸ் பயணம், சின்ன ஊர், சின்ன சம்பளம். ஆனாலும் போனில் குரல் சந்தோஷமாக இருக்கிறது. மேலேயிருந்து அழைப்பு வரலாம், வராமலும் போகலாம். அத்தான் அதைப் பற்றி இப்போதெல்லாம் பேசுவதில்லை. "இடது கால் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்கிறார்.

ஆபீஸில் என் பழக்கமும் கொஞ்சம் மாறிவிட்டது. போன டிசம்பரில் ஒரு பையனுக்கு வழக்கம்போல 'பரவாயில்லை' என்று எழுதப்போனேன். நிறுத்திவிட்டு, அவனுக்குப் போன வருஷம் என்ன வரவில்லை, இந்த வருஷம் என்ன வருகிறது, இன்னும் என்ன வரவில்லை என்று மூன்று வரி எழுதினேன். எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. 14 பேருக்கு 14 மணி நேரம்! படித்துவிட்டு அவன் என்னோடு அரை மணி சண்டை போட்டான். மறுநாள் வந்து, "சார், அந்த மூணாவது வரி இருக்கே, அது நிஜந்தான்" என்றான்.

பெரியவரை ஒரு ஆட்டத்தில் மறுபடி பார்த்தேன். அத்தான் அனுப்பியிருந்த கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் கொடுத்தேன். ஒன்றை எடுத்துக் கடித்தார். பல் இறங்கவில்லை. தாடையை மாற்றி மாற்றிப் போராடினார். அப்புறம் மெல்ல மெல்ல முகம் மலர்ந்தது. பழக்கதோஷம், நோட்டைத் திறந்து ஒரு வரி எழுதினார். எட்டிப் பார்த்தேன்.

'ஆரம்பத்தில் ரொம்பக் கடினம். போகப் போகத் தேறுகிறது.'